நீயே எழுதிக்கிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்



ரெண்டு வாரமாக டீச்சர் ஒன்றும் எழுதவில்லையே என்று மூன்று பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டீர்கள். மூட்டுவலி ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். டீ போட்டு எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

செப்டம்பர் முதல் வாரம். மத்தியானம் ரெண்டு மணி வெயிலில் வாசலில் ஒரு பெண் நின்றாள். தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

ஒரு நிமிஷம் முழித்தேன். பிறகு சிரிப்பைப் பார்த்ததும் பிடிபட்டது. "ஊரணிப் படி எண்ணுன பிள்ளைதானே நீ?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 2007-இல் என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவள். பெயர் போடவில்லை. அவளே சொல்லச் சொன்னால் பிறகு போடுகிறேன். எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அந்த செட்டில் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்டில் எழுதாதீர்கள்.

சோறு சாப்பிட வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டேன். பி.எஸ்சி. விவசாயம் முடித்திருக்கிறாள். இப்போது கண்மாய் மராமத்து வேலை பார்க்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் நாலு வருஷமாக வேலை. ஜெர்மனியில் முதுகலை படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். டாட் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், 1925-இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு. வளரும் நாடுகளில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று அவர்களிடம் தனியாக ஒரு திட்டம் இருக்கிறதாம். குறைந்தது ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

இந்த ஆறு வருஷம்தான் சிக்கல். அவள் பட்டச் சான்றிதழில் இருக்கிற தேதி 2019 நவம்பர். இந்த வருஷத்தை விட்டால் அடுத்த வருஷம் கிடையாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30.

"எல்லாம் ரெடி டீச்சர். ரெண்டே ரெண்டு லெட்டர்தான் வரல" என்றாள். படித்த கல்லூரியில் இருந்து ஒரு பரிந்துரைக் கடிதம். வேலை பார்க்கிற இடத்தில் இருந்து ஒன்று. வேலை இடத்துக் கடிதம் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாளில், புதுத் தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து இருக்க வேண்டும்.

கல்லூரிப் பேராசிரியருக்கு ரெண்டு இமெயில் அனுப்பியிருக்கிறாள், பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு மட்டும் ஒரு வரி வந்திருந்தது. போனைக் காட்டினாள். "நீயே எழுதிக்கிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நிறுவனத் தலைவரிடம் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. வேலையை விட்டுப் போகப் போகிறோம் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம்.

"அதான் டீச்சர், கல்லூரி லெட்டருக்குப் பதிலா நீங்க ஒண்ணு எழுதித் தர முடியுமான்னு கேக்க வந்தேன்."

பிள்ளைகளே, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் படிப்பு என்ன? ப்ளஸ் டூ முதல் செட், அதற்கு மேல் ரெண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். முதுகலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அஞ்சாம் வகுப்பு டீச்சர் கடிதம் எந்தக் கணக்கிலும் வராது. அவள் கல்லூரியில் ஆராய்ச்சி எப்படிச் செய்தாள், பாடத்தை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று நான் எதைப் பார்த்தேன் எழுதுவதற்கு? அதையே அவளிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "சரி டீச்சர், அப்ப நானே எழுதி சார்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிறேன்" என்று எழுந்தாள்.

"உட்காரு" என்றேன். பழைய டீச்சர் குரல் வந்துவிட்டது. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் அப்படி அதட்டினேன் என்பதற்குத்தான் இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும்.

2012-இல் நான் தலைமை ஆசிரியை. பழைய மாணவன் ஒருவன் வந்தான். நல்ல படிப்பாளி. ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித்தொகைக்கு ரெண்டு கடிதம் கேட்டிருந்தார்கள். ஒன்று கல்லூரியிலிருந்து, இன்னொன்று சின்ன வயசிலிருந்து அவனை அறிந்த ஒருவரிடமிருந்து. அன்றைக்குப் பள்ளியில் ஆய்வு. நான் சொன்னது இதே வாக்கியம்தான். "நீயே எழுதிக்கிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்தான். பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியைக் கேட்கக் கூச்சம். பச்சை மசியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி அனுப்பி வைத்தேன்.

நேர்முகத் தேர்வில் ரெண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கல்லூரிக் கடிதத்தையும் அவனைத்தான் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ராத்திரி, ஒரே கம்ப்யூட்டர். ரெண்டிலும் அதே புகழ்ச்சி வார்த்தைகள். ஒரே எழுத்துப்பிழை ரெண்டு தாளிலும். "இதை எழுதியது யார்?" என்று கேட்டார்களாம். அவன் பொய் சொல்லவில்லை. அத்தோடு முடிந்தது.

இதை அவன் ரெண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அவன் ஏமாற்ற நினைக்கவில்லை. எழுத வேண்டிய ரெண்டு பேரும் எழுதாமல் அவன் தலையில் கட்டிவிட்டோம். தண்டனை அவனுக்கு மட்டும். இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தொழில் செய்து நன்றாக இருக்கிறான். தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன்னிடம் நேரில் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலமே என் தங்கை மகனை வீடியோ காலில் பிடித்தேன். எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் ஐரோப்பாவில் ரெண்டு நாட்டில் படித்தவன். "பெரியம்மா, நம்ம ஊர்ல சிபாரிசுன்னா பெரிய ஆளைப் பிடிக்கிறதுன்னு நினைச்சுக்கிறாங்க. இது அது இல்ல. இது சாட்சி" என்றான். மார்க் எவ்வளவு என்பது மார்க் ஷீட்டில் இருக்கிறது. என்ன ஆசை என்பது அவள் எழுதுகிற நோக்கக் கடிதத்தில் இருக்கிறது. இந்த ரெண்டிலும் தெரியாத ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எம்.எல்.ஏ.விடமோ பெரிய அதிகாரியிடமோ கடிதம் வாங்கினால் கனமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்றான்.

இடத்துக்கு இடம் முறையும் மாறுகிறதாம். அமெரிக்காவில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு மூன்று கடிதம். வேலையில் இருக்கிறவர் என்றால் அதில் ஒன்று வேலை கொடுத்தவருடையது. பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகையில், கடிதம் எழுதுகிறவருக்கே நேராக இமெயில் போகும். அவரே உள்ளே போய் ஏற்ற வேண்டும், விண்ணப்பிக்கிறவர் கையில் தாளே வராது. அதனால் எழுதுகிறவர் இமெயில் பார்க்கிற பழக்கம் உள்ளவரா என்பதைக் கூடக் கவனிக்க வேண்டும் என்றான். நல்ல பேச்சு.

ராத்திரி அவளை எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தேன். படுக்கும்போது "என்னைப் பத்தி எழுத சாருக்கு என்ன டீச்சர் இருக்கு, நான் யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டா?" என்றாள். அப்போது ராமானுஜன் கதையைச் சொன்னேன். நம் பள்ளியில் கணித நாள் வரும்போதெல்லாம் நான் சொன்ன கதைதான். ஆனால் அப்போது இந்தக் கோணத்தில் சொன்னதில்லை.

ராமானுஜனிடம் பட்டம் கிடையாது. எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலைக்கு மனுப் போட்டபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் ஒரு பரிந்துரை எழுதிக் கொடுத்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். மறு வருஷம் பிப்ரவரியில், வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். பருவமழையை ஆராய்ந்தவர் என்று நாம் படிக்கிறோமே, அவரேதான். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். கணிதத்தின் இந்தப் பிரிவுகளில் எனக்குத் தனித் தேர்ச்சி இல்லை, அதனால் இவருடைய திறமை எவ்வளவு பெரியது என்று நம்பகமாக மதிப்பிட என்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் சில வருஷங்களாவது பிழைப்புக் கவலை இல்லாமல் இவர் முழு நேரமும் கணக்குப் போட வழி செய்தால் அது நியாயமான காரியம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் தெரிந்ததைச் சொன்னபோது அதற்கு மதிப்பு வந்தது என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்து சென்னைக்குப் பாடம் நடத்த வந்த நெவில், ராமானுஜனை நேரில் பார்த்துப் பழகிவிட்டு இன்னொரு கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 250 பவுண்டு கிடைத்தது. மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

"அவர் ராமானுஜன் டீச்சர். நான் யாரு?" என்றாள்.

"அவர் அளவுக்கு உன்னைச் சொல்லலடி. கடிதம் எழுதுன ஆளுகளைப் பாருன்னு சொல்றேன். பார்த்ததை எழுதுனாங்க. உன் சார் பார்த்தது என்னன்னு நீ அவருக்கு ஞாபகப்படுத்தணும். அது உன் வேலை. எழுதுறது அவர் வேலை" என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அந்தப் பேராசிரியரிடம் படித்தபோது செய்ததை எழுதச் சொன்னேன். கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவள், குழுவாக இயங்குபவள் என்று பத்து வரி எழுதிக் கொண்டுவந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்தையும் அடித்தேன். "இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். நீ என்ன செஞ்சே? எந்த ஊர்ல, எந்த மாசம், எத்தனை?"

மூன்று தடவை திருப்பி எழுத வைத்தேன். நாலாவது தடவை ஒன்று வந்தது. கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிச் செய்கிற பயிற்சியில், நாற்பது வயல்களில் மண் எடுத்துப் பரிசோதித்திருக்கிறாள். எல்லாம் முடிந்து அறிக்கை கொடுத்த பிறகு, ரெண்டு வயலின் லேபிள் மாறிப்போய்விட்டதோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது, மார்க்கும் போட்டாகிவிட்டது. இவள் போய்ப் பேராசிரியரிடம் சொல்லி, அறிக்கையைத் திரும்ப வாங்கி, அந்த ரெண்டு வயலுக்கும் மறுபடி போய் மண் எடுத்து, சோதித்து, திருத்திக் கொடுத்திருக்கிறாள். ஒரு விவசாயிக்குத் தப்பான உரச் சிபாரிசு போகாமல் நின்றது.

"இதை ஏண்டி முதல்லயே எழுதல?"

"அது என் தப்பு டீச்சர். தப்பை எப்படி எழுதுறது?"

எனக்கு ஊரணிச் சுவர் ஞாபகம் வந்தது. அந்த செட் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஊரணியில் தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிவந்து எழுத வேண்டும். ஆளுக்கொரு மாதம் பொறுப்பு. காய்ச்சலில் வராத பிள்ளைகள் முந்தின வாரம் 6, அடுத்த வாரம் 8 என்றால் நடுவில் 7 போட்டு நிரப்பிவிடுவார்கள். இவள் மாதத்தில் மட்டும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "ஏன் போடல?" என்று கேட்டதற்கு "அன்னைக்கு நான் பாக்கல டீச்சர்" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சார்ட் அழகு கெட்டுப்போயிற்றே என்றுகூட நினைத்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். நாலு மணி நேரப் பயணம். முன்கூட்டியே போன் செய்து, அஞ்சாம் வகுப்பு டீச்சரும் கூட வருகிறார் என்று சொல்லச் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ, வரச் சொல்லிவிட்டார்.

பேராசிரியரைக் குறை சொல்லத்தான் மனசில் தயாராகப் போனேன். போய்ப் பார்த்தால் மேஜை கொள்ளாத விடைத்தாள் கட்டு. "வருஷத்துக்கு நூத்துக்கு மேல பிள்ளைங்கம்மா. நாளைக்குக் கடைசி நாள்னு இன்னைக்கு வந்து நிக்குதுங்க. நான் என்ன செய்ய?" என்றார். நியாயமான பேச்சு. இவளை அவருக்கு முகம் தெரிந்தது, வேறு எதுவும் நினைவில்லை. அவள் தாளை நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"அட, லேபிள் பொண்ணு! அது நீதானா?"

அதற்குப் பிறகு அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார். அந்தச் சம்பவத்தை அடுத்தடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், யாரென்று மட்டும் மறந்துவிட்டது. இவளை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, ரெண்டு விரலால் தட்டித் தட்டி ஒன்றரை மணி நேரத்தில் தானே எழுதினார். இடையில் என்னிடம் திரும்பி, "சின்ன வயசுல எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டார். காலிக் கட்டத்தைச் சொன்னேன். "அதை நான் எழுத முடியாது, நான் பாக்கல" என்று சிரித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த மரியாதையை என்னவென்று சொல்வது.

அடுத்தது நிறுவனத் தலைவர். அங்கே நான் போகவில்லை. அது அவள் தனியாகச் செய்ய வேண்டிய காரியம். "கடிதம் கேக்கிறதுக்கு முன்னாடி, போகப் போறேன்னு சொல்லு. ஒளிச்சு வச்சுக் கேட்டா அது உதவி கேக்கிறது இல்ல" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கோபம்தான். மார்ச் வரை வேலை இருக்கிறது, நடுவில் விட்டுப் போனால் கண்மாய்க் கணக்கை யார் பார்ப்பது என்று ரெண்டு நாள் பேசவில்லையாம். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். எங்கே நான் சொன்ன யோசனையால் காரியம் கெட்டுப்போகுமோ என்று ராத்திரி தூக்கமில்லை. ஒரு தடவை ஒரு பிள்ளைக்குக் கெடுத்தவள் நான்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, படிப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டிருக்கிறார். கிடைத்தாலும் அடுத்த வருஷம்தான், மார்ச் வேலை முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் விட்டுவிட்டாள். எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்தப் போனால் மை அட்டை காய்ந்து கிடந்ததாம். தண்ணீர் தெளித்துக் குத்தினால் பாதி எழுத்து விழவில்லை. கடைக்கு ஓடிப்போய் மை வாங்கி வந்து, புதுத் தாளில் மறுபடி எடுத்து, மறுபடி கையெழுத்து.

அன்று ராத்திரி போன். அழுகிறாள். "டீச்சர், சார் என்னைப் பத்திக் குறையும் எழுதிட்டாரு."

படிக்கச் சொன்னேன். எந்தெந்தக் கண்மாயில் என்ன வேலை பார்த்தாள், மடைச் சண்டையில் ரெண்டு ஊர்க்காரர்களையும் உட்கார வைத்துத் தண்ணீர்க் கணக்கை எப்படிக் காட்டினாள் என்று விவரமாக எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு வரி. பெரிய கூட்டங்களில் பேசத் தயங்குகிறாள், கேட்டால்தான் கருத்துச் சொல்கிறாள், இது மாற வேண்டும், மாறி வருகிறது. கடைசியில், படிப்பு முடித்துத் திரும்பினால் எங்கள் இடத்தில் வேலை காத்திருக்கும்.

"இது உண்மையா பொய்யா?" என்று கேட்டேன்.

"உண்மைதான் டீச்சர்."

"அப்ப ஏன் அழுகுற? அந்த ஒரு வரி இருக்கிறதாலதான் மத்ததெல்லாம் உண்மைன்னு படிக்கிறவங்க நம்புவாங்க. தூங்கு போ."

செப்டம்பர் 24-ஆம் தேதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

இப்போது உங்களுக்கு. உங்களில் பலருடைய பிள்ளைகள் கல்லூரியில் இருக்கிறார்கள். சிலர் நீங்களே ஆசிரியர்கள். அதனால் சொல்கிறேன்.

கடிதம் கேட்கிற பிள்ளைகள் ஒரு மாதம் முன்னால் கேளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். எந்த உதவித்தொகை, எந்தப் படிப்பு, கடைசி நாள் எது, கடிதத்தில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாள். அவரிடம் என்ன படித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று இன்னொரு தாள். மார்க் ஷீட் நகலும் கொடுங்கள். பத்து நாள் கழித்து ஒரு தடவை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். ரெண்டு பேரிடம் வாங்கினால் ரெண்டு பேரும் வெவ்வேறு பக்கத்தைப் பார்த்தவர்களாக இருக்கட்டும். பதவி பெரிதா என்று பார்க்காதீர்கள், உங்களைத் தெரியுமா என்று பாருங்கள். "நீயே எழுதிக்கிட்டு வா" என்று சொன்னால், "சார், குறிப்பு எழுதிக் கொண்டு வர்றேன், கடிதத்தை நீங்க உங்க வார்த்தையில எழுதணும்" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்குச் சொல்லுங்கள். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று. நேரம் இல்லையென்றால், பிள்ளையைச் சரியாகத் தெரியாதென்றால், முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை வேறு ஆளைத் தேட நாள் இருக்கும். சரி என்று சொன்னால் நீங்களே எழுதுங்கள். ஆங்கிலம் வராது என்றால் தமிழில் எழுதி, யாரையாவது விட்டு மொழிபெயர்க்கச் சொல்லி, அர்த்தம் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2012-இல் எனக்கு இதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கூச்சம் தடுத்துவிட்டது.

முடிவு அடுத்த வருஷம்தான் தெரியுமாம். அதற்கு முன்னாலேயே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குக் கிடைத்துவிட்டால், டீச்சர் வழிகாட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார் என்று நீங்கள் என்னைப் புகழ்வீர்கள். கிடைக்காவிட்டால், இவ்வளவு அலைந்தும் வீணாயிற்றே என்பீர்கள். ரெண்டும் வேண்டாம். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் போட்டியில் இருக்கிறார்கள், எதுவும் நடக்கலாம். அவளைப் பார்த்த ரெண்டு பேர், பார்த்ததை அவர்கள் வார்த்தையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது நடந்துவிட்டது.

என் கடிதம் கணக்கில் வராது என்று சொன்னேன் அல்லவா? ஊருக்குக் கிளம்பும்போது அவள் விடவில்லை. அதனால் ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்தோடு வைக்க அல்ல, அவளுக்காக. ஊரணிப் படியையும் காலிக் கட்டத்தையும் எழுதி, கீழே பெயர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை என்று போட்டேன். முத்திரை என்னிடம் இல்லை. 2023 மே மாதமே ஒப்படைத்துவிட்டேன்.

படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது இப்படிக் கடிதம் வாங்குவதில் சிக்கல் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். வெள்ளைத்தாளும் சிவப்புப் பேனாவும் இருக்கிறது. ஒரு மாதம் முன்னால் வாருங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்